ஆறாவது விரலும் அறுபதாயிரம் பிளேட்லெட்டும்

பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்ததும் ஆயா செய்கிற முதல் வேலை விரல்களை எண்ணுவது. கட்டைவிரல் ஓரத்தில் மொட்டுப்போல இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தால், "ஆறு வெரலு, அதிர்ஷ்டக்காரப் புள்ள" என்று கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழிப்பார். பெரும்பாலும் அந்த வாக்கில் ஒரு கெடுதலும் இல்லை. கூடுதல் விரலோடு பிறக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் எந்த நோயும் இல்லாமல் வளர்ந்து ஆளாகிவிடுகிறார்கள். மிகச் சிலருக்கு மட்டும் அந்த விரல் ஒரு சேதி கொண்டுவருகிறது. எலும்புக்குள்ளே சில ஆண்டுகள் கழித்து வரப்போகும் ஒரு தட்டுப்பாட்டைப் பற்றிய சேதி அது. அதைப் படிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

புதுச்சேரியிலிருந்து மயிலம் போகிற சாலையில் இருக்கிறது சேதராப்பட்டு. பிப்டிக் தொழிற்பேட்டை உள்ள ஊர். ஊரைத் தாண்டினால் தமிழ்நாடு, வானூர் வட்டத்துக் கிராமங்கள். எல்லைக்கோடு அரசாங்கத்துக்குத்தான், சொந்தபந்தத்துக்கு இல்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும் நடக்கும். முறை உள்ள வீடுகளுக்குள் நடப்பதும் இந்தப் பக்கத்தில் சாதாரணம். இங்கே ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட யாரும் அல்ல, மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் வகைக் குடும்பம். அப்பா தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். அம்மா அவருடைய மாமன் மகள். மூத்தது பெண், பத்தொன்பது வயது. பத்து வருஷம் கழித்துப் பிறந்த பையனுக்கு இப்போது ஒன்பது வயது. ஆனால் ஆறு வயதுப் பிள்ளையின் உயரம்தான். முதுகில் காப்பி சிந்தியது போல இரண்டு மூன்று பழுப்புத் திட்டுகள். கைக்குழந்தையாக இருந்தபோது கூடுதல் கட்டைவிரலை அறுவை செய்து எடுத்தாகிவிட்டது. அதை வீட்டில் எல்லோரும் மறந்தும் விட்டார்கள்.

ஒரு மழைக்காலத்தில் பையனுக்குக் காய்ச்சல் வருகிறது. பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் அறுபதாயிரம். நம் ஊரில் பிளேட்லெட் என்ற சொல்லையே எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தது டெங்குதான். அதனால் அதுவும் டெங்கு என்றே எடுத்துக்கொள்ளப்படுகிறது. பப்பாளி இலைச் சாறு கொடுக்கிறார்கள், காய்ச்சல் இறங்குகிறது. ஆனால் டெங்குவில் இறங்கிய பிளேட்லெட் ஓரிரு வாரத்தில் ஏறிவிடும், இது ஏறவில்லை. ஹீமோகுளோபினும் ஏழில் நிற்கிறது. வெள்ளணுவும் குறைவு. அடுத்த ஆறு மாதம் சத்து டானிக், பேரீச்சம்பழம், பீட்ரூட். இந்த ஆறு மாதத்தை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது. மூன்று வகை அணுக்களும் சேர்ந்து குறைந்தால் அது சத்துக் குறைவாக மட்டும் இருக்கும் என்று விட்டுவிடக் கூடாது. அணுக்களை உண்டாக்கும் இடத்திலேயே கோளாறா என்று பார்த்தாக வேண்டும்.

அந்த இடம் எது என்று நமக்குத் தெரியும். நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சினால் வாயில் குழைவாக வந்து விழுமே, அதுதான் மஜ்ஜை. வளர்ந்த ஆட்டின் காலெலும்பில் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு மஜ்ஜை. ரத்தம் உண்டாக்குவது சிவப்பு மஜ்ஜை. வளர்ந்த மனிதருக்கு அது இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா ஆகியவற்றில் இருக்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்களை இது உண்டாக்கித் தள்ளுகிறது. சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். பிளேட்லெட்டுக்கு எட்டு முதல் பத்து நாள்தான். வெள்ளணுக்களில் முக்கியமான ஒரு வகைக்கு ஒரு நாளே அதிகம். மஜ்ஜை தளர்ந்தால் அந்தக் குறை சில நாட்களிலேயே ரத்தத்தில் தெரிந்துவிடும். இடுப்பெலும்பில் ஊசி இறக்கி எடுக்கும் மஜ்ஜைத் துண்டு பென்சில் முனையின் கனம்தான் இருக்கும். நல்ல மஜ்ஜையில் அந்தத் துண்டு முழுக்க அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். தளர்ந்த மஜ்ஜையில் வெறும் கொழுப்புக் குமிழ்கள் வரிசையாக நிற்கும், நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக அணுக்கள்.

மஜ்ஜை இப்படி வறண்டுபோக மருந்து, வைரஸ், உடலின் எதிர்ப்பு சக்தியே தன்னைத் தாக்குவது என்று பல காரணங்கள் உண்டு. அதில் ஒரு பங்கு பரம்பரையாக வருவது. இந்த வகை நோய்களில் அதிகம் அறியப்பட்டதற்கு ஃபேன்கோனி ரத்தசோகை என்று பெயர். சுவிட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர் கைடோ ஃபேன்கோனி 1927-இல் ஒரே வீட்டின் மூன்று அண்ணன் தம்பிகளைப் பற்றி எழுதினார். மூவருக்கும் ரத்த அணுக்கள் குறைவு, மூவருக்கும் உடலமைப்பில் பிறவி மாறுதல்கள். ஒரே வீடு என்பதுதான் அவர் கண்ணில் பட்ட முதல் துப்பு. இன்றைக்கும் அதுவே முதல் துப்பு. கட்டைவிரல் இல்லாமலோ சிறுத்தோ கூடுதலாகவோ இருப்பது, முன்கை எலும்புக் குறை, குள்ளம், பழுப்புத் திட்டுகள், ஒற்றைச் சிறுநீரகம் என்று அடையாளங்கள் பல. ஆனால் சுமார் மூன்றில் ஒரு பிள்ளைக்கு இப்படி எந்த அடையாளமுமே இருப்பதில்லை. விரல் ஒழுங்காக இருக்கிறது என்பதற்காக யாரும் நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாது.

உள்ளே நடப்பது இதுதான். அணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அதிலுள்ள டிஎன்ஏ இழை ஜிப் திறப்பது போலத் திறக்க வேண்டும். சில வேளை ஜிப்பின் இரண்டு பக்கமும் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டலைக் கண்டுபிடித்து, வெட்டி, சேதத்தைச் சரிசெய்ய உடலில் ஒரு பழுதுபார்க்கும் குழுவே இருக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் சேர்ந்த குழு. அதில் ஒரு மரபணு வேலை செய்யாவிட்டாலும் ஒட்டல் ஒட்டலாகவே நிற்கிறது. ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் மஜ்ஜை அணுக்கள்தான் முதலில் மடிகின்றன. மடியாமல் தப்புகிற அணு, சேதமான டிஎன்ஏவோடு பிரிகிறது. புற்றுநோய்க்கான வாசல் அங்கேதான் திறக்கிறது. மஜ்ஜைத் தளர்ச்சியும் புற்றுநோயும் இரண்டு தனித் துன்பங்கள் போலத் தோன்றும். வேர் ஒன்றுதான்.

ஒட்டலை உண்டாக்குவது வெளியிலிருந்து வரும் நஞ்சு மட்டும் அல்ல. கேம்பிரிட்ஜில் கே. ஜே. படேல் என்னும் மருத்துவ விஞ்ஞானியின் குழு 2011-இல் எலிகளில் காட்டிய ஒரு விஷயம் இந்தத் துறையையே வேறு பக்கம் திருப்பியது. நம் உடல் தானாகவே உண்டாக்கும் ஆல்டிஹைடு வகைப் பொருள்களே இந்தச் சேதத்தைச் செய்ய வல்லவை. சாராயம் குடித்தால் உடலில் அசிட்டால்டிஹைடு உண்டாகிறது. சிகரெட் புகையிலும் ஆல்டிஹைடுகள் உண்டு. இந்த நோயுள்ள ஒருவர் இளைஞனாகி முதல் கோப்பையைக் கையில் எடுக்கும்போது, கூட்டாளிகளுக்கு வெறும் போதையாக இருப்பது அவருக்கு நேரடியாகப் பழுதுபார்க்க முடியாத சேதம். மதுக்கடைகளுக்குப் பேர்போன புதுச்சேரியில் இதை அந்தப் பையனிடம் பதிமூன்று வயதிலேயே உட்காரவைத்துச் சொல்லியாக வேண்டும்.

நோயை உறுதிசெய்யும் பரிசோதனை அழகானது, கொடூரமானதும்கூட. பிள்ளையின் ரத்தத்தில் சில மில்லி எடுத்து, வெள்ளணுக்களைக் கண்ணாடிக் குடுவையில் சில நாள் வளர்க்கிறார்கள். பிறகு அதில் மைட்டோமைசின் போன்ற ஒரு மருந்தைச் சிறிதளவு விடுகிறார்கள். டிஎன்ஏவை வேண்டுமென்றே ஒட்டவைக்கும் மருந்து அது. அப்புறம் நுண்ணோக்கியில் குரோமோசோம்களைப் பார்க்க வேண்டும். நலமான ஒருவரின் அணுவில் 46 குரோமோசோம்கள் சிதறிய சேமியாத் துண்டுகள் போல ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிடக்கும். மருந்து தந்த சேதத்தை அந்த அணு சமாளித்துவிட்டது என்று பொருள். ஃபேன்கோனி பிள்ளையின் அணுவில் சில துண்டுகள் இடையில் முறிந்திருக்கும். சிலவற்றின் முறிந்த முனைகள் வேறொரு குரோமோசோமின் முனையோடு போய் ஒட்டி, நாற்சந்திச் சாலைபோல நான்கு கை விரித்துக் கிடக்கும். அதைப் பார்த்துப் பழகிய ஆய்வக ஊழியர் இரண்டு மூன்று அணுக்களிலேயே புரிந்துகொள்வார். ஆனாலும் எண்ணிக்கை முடியும்வரை எண்ணிக்கொண்டேதான் இருப்பார்.

சில பிள்ளைகளில் ஒரு விசித்திரம் நடக்கும். மஜ்ஜையில் ஏதோ ஒரு தாயணுவில் மரபணுப் பிழை தற்செயலாகத் தானே சரியாகிவிடும். அந்த ஒற்றை அணுவின் வாரிசுகள் பெருகி ரத்தத்தை நிரப்பிவிடும். அப்போது ரத்தத்தில் செய்த பரிசோதனை "நோய் இல்லை" என்று சொல்லக்கூடும், உடம்பின் மற்ற அணுக்களில் நோய் அப்படியே இருக்கும். சந்தேகம் வலுவாக இருந்தால் தோலில் சிறு துண்டு எடுத்து அந்த அணுக்களிலும் பார்ப்பது இதற்காகத்தான். இயற்கை செய்த இந்த வைத்தியத்தைக் கையால் செய்ய முடியுமா என்ற கேள்வியில்தான் ஸ்பெயினில் மரபணு சிகிச்சை ஆய்வு தொடங்கியது. பிள்ளையின் சொந்த அணுவில் சரியான மரபணுவை ஏற்றித் திருப்பிக் கொடுத்ததன் முதல் முடிவுகள் 2019-இல் வெளிவந்தன.

இனி நம் பக்கத்துக் கணக்கு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியா முழுவதும் திருமணமான பெண்களில் 11 சதவீதம் பேர் சொந்தத்தில் மணம் முடித்தவர்கள். தமிழ்நாட்டில் அது 28 சதவீதம். புதுச்சேரியும் இதே கலாசாரத்தின் துண்டுதான். சொந்தத்தில் மணப்பதன் விளைவுகளைப் பற்றி மருத்துவர்கள் புதுச்சேரிச் சமூகம் ஒன்றிலேயே ஆராய்ந்து 1978-இல் எழுதியிருக்கிறார்கள். அத்தை மகன், மாமன் மகள் கட்டிக்கொள்வதை வெறும் அறியாமை என்று தூக்கிப்போடுவது சரியில்லை. தெரிந்த குடும்பத்தில் பெண் பாதுகாப்பாக இருப்பாள், நிலம் துண்டாகாது, கஷ்டகாலத்தில் கை கொடுக்க ஆள் இருக்கும் என்று அதற்கு வலுவான காரணங்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஆனால் மரபணுவுக்கு இந்த நியாயங்கள் தெரியாது. மாமன் மகளும் அத்தை மகனும் தங்கள் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டிருக்கிறார்கள். தாய்மாமனும் அக்காள் மகளும் நான்கில் ஒரு பங்கை. இரண்டு தலைமுறைக்கு முன் ஒரு தாத்தாவிடம் இருந்த ஒற்றைப் பிழை இரண்டு கிளையாக இறங்கி ஒரு மணவறையில் மறுபடி சந்திக்க இது போதும்.

ஃபேன்கோனி நோயில் பெரும்பாலான வகைகளுக்கு அப்பா ஒரு பிழை, அம்மா ஒரு பிழை என இரண்டும் வந்து சேர வேண்டும். ஒற்றைப் பிழை உள்ளவருக்கு இந்த நோய் வராது, தன்னிடம் இருப்பதும் தெரியாது. அமெரிக்காவில் கணக்கிட்டபோது இப்படிச் சுமப்பவர் சுமார் 180 பேருக்கு ஒருவர். இந்தியாவில் படம் கொஞ்சம் வேறு. மும்பையின் தேசிய ரத்தநோய் எதிர்ப்பியல் நிறுவனத்தில் பாபு ராவ் வுண்டிண்டியின் குழு, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணிபுரியும் செட்டர சந்திரசேகரப்பா உள்ளிட்டோருடன் சேர்ந்து 2020-இல் ஒரு முடிவை வெளியிட்டது. உலகில் மிக அபூர்வமான ஃபேன்க்-எல் மரபணு வகை, இந்திய நோயாளிகளிடம் எதிர்பாராத அளவுக்கு அதிகமாக இருந்தது. காரணம், எப்போதோ ஒரு தெற்காசிய முன்னோரிடம் தோன்றி வழிவழியாக இறங்கிய ஒரே எழுத்துப் பிழை. இதனால் நமக்கு ஒரு நடைமுறைப் பயன் உண்டு. இந்தியப் பிள்ளை ஒன்றின் மரபணுவைப் படிக்கும்போது எந்தப் பக்கத்தைக் கவனமாகத் திறக்க வேண்டும் என்பது ஓரளவு தெரிந்துவிட்டது.

அப்பா, அம்மா இருவரும் பிழையைச் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒன்று வாய்ப்பு. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "ஒரு புள்ளைக்கு வந்துடுச்சு, இனிமே மூணுக்கு வராது" என்பது அப்படி ஒரு நம்பிக்கை. சீட்டு ஒவ்வொரு முறையும் புதிதாகவே குலுக்கப்படுகிறது. அமெரிக்காவில் ஒரிகான் மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞராகவும் பிறகு ஒரிகான் பல்கலைக்கழகத் தலைவராகவும் இருந்த டேவ் ஃப்ரோன்மேயருக்கும் அவர் மனைவி லின்னுக்கும் ஐந்து பிள்ளைகள். மூன்று மகள்களுக்கும் ஃபேன்கோனி நோய். மூவரும் அதனாலேயே போனார்கள். இன்று உலகம் முழுக்க இந்த நோய்க்கான ஆராய்ச்சிக்குப் பணம் தரும் அமைப்பை, ஃபேன்கோனி ஆராய்ச்சி நிதியம் என்ற பெயரில் 1989-இல் தொடங்கியவர்கள் அந்தத் தம்பதிதான்.

புற்றுநோய்ப் பக்கம் வருவோம். இந்த நோயுள்ளவருக்கு மஜ்ஜைத் தளர்ச்சி பெரும்பாலும் பள்ளி வயதிலேயே தொடங்கிவிடுகிறது. அதிலிருந்து ரத்தப் புற்றுநோய்க்கு மாறும் அபாயம் உண்டு. அதைக் கடந்து வந்தால் இருபது, முப்பது வயதுகளில் வாய், தொண்டை, உணவுக்குழாய், பெண்களுக்குப் பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் புற்றுநோய். வாய், தொண்டைப் புற்றுநோய்க்கான வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல நூறு மடங்கு. புகையிலை மெல்லாத, இருபத்தைந்து வயதேயான ஒருவருக்கு நாக்கில் ஆறாத புண் வந்து அது புற்றுநோய் என்று தெரியவந்தால், கீமோதெரபியும் கதிர்வீச்சும் தொடங்கும் முன் இந்தக் கேள்வி எழ வேண்டும். இந்த நோயுள்ளவர் உடம்பு வழக்கமான அளவு கதிர்வீச்சையும் மருந்தையும் தாங்காது. நோயைக் கொல்ல வந்த மருந்தே ஆளையும் சாய்த்துவிடும்.

இங்கே ஒரு வியப்பான இணைப்பு. மார்பகப் புற்றுநோய்க் குடும்பங்களில் பேசப்படும் பிஆர்சிஏ-2 மரபணு, ஃபேன்கோனிக் குழுவிலும் ஓர் உறுப்பினர். பிள்ளைக்கு இரண்டு பிழையும் அந்த மரபணுவில் என்றால், ஒற்றைப் பிழையைச் சுமக்கும் அம்மாவுக்கும், அதே பிழை இருந்தால் சித்திக்கும் அத்தைக்கும் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயம் கூடுகிறது. எல்லா வகை ஃபேன்கோனிக்கும் அப்படியில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மிகப் பரவலான ஃபேன்க்-ஏ வகையைச் சுமப்பவர்களுக்கு அப்படித் தெளிவான கூடுதல் அபாயம் காணப்படவில்லை. எந்த மரபணு என்று தெரியாமல் மொத்தக் குடும்பத்தையும் பயமுறுத்துவது, தெரிந்தும் சொல்லாமல் விடுவதற்குச் சமமான தவறு.

ஃபேன்கோனி மட்டும் இல்லை. குரோமோசோம் முனைகளின் காப்புத் தொப்பி தேய்ந்துபோகும் ஒரு நோய் உண்டு. ஷூ லேஸ் நுனியிலுள்ள பிளாஸ்டிக் குழாய் கழன்றால் நூல் பிரிந்துபோகுமே, அதுபோல. சிதைந்த நகம், கழுத்தில் வலைபோன்ற கருமை, நாக்கில் வெள்ளைத் திட்டு ஆகிய மூன்றும் அதன் அடையாளம். அந்த வெள்ளைத் திட்டைப் புகையிலைக் கறை என்று ஒதுக்கிவிடுவது நம் ஊரில் மிகச் சுலபம். சில குடும்பங்களில் தாத்தாவுக்கு அறுபதில் நுரையீரல் இறுகும், அப்பாவுக்கு இருபதிலேயே தலை நரைத்து நாற்பதில் ரத்தம் குறையும், பிள்ளைக்குப் பத்து வயதிலேயே மஜ்ஜை வறளும். தலைமுறை இறங்க இறங்க நோய் முந்திக்கொள்ளும்.

பெரியவர்களைத் தாக்கும் வகைகளை மருத்துவ உலகமே சமீபத்தில்தான் ஒழுங்காகப் பிரித்தறிந்தது. அறுபதுகளில் ரத்தப் புற்றுநோய் வந்தால் வயசான காலத்து நோய் என்றே நெடுநாள் நினைத்தார்கள். 2015-இல் டிடிஎக்ஸ்-41 என்ற மரபணு அடையாளம் காணப்பட்டபோது, அதில் ஒரு பங்கு பிறவியிலேயே வந்த பிழையின் விளைவு என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் ரத்தப் புற்றுநோய் வகைப்பாட்டில் பரம்பரை வகைக்குத் தனி இடம் கொடுத்தது. இவற்றுக்கு ஒரு பக்கத்துப் பிழையே போதும், பிள்ளைகளுக்கு அந்தப் பிழை இறங்க இரண்டில் ஒன்று வாய்ப்பு. அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய், தம்பி மஜ்ஜை கொடுக்கிறார், இருவருக்கும் அதே பிழை என்றால், கொடுத்த மஜ்ஜையிலிருந்தே நோய் திரும்ப முளைக்கக்கூடும். அப்படி நடந்திருக்கிறது, மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. கூடப்பிறந்தவர் முன்வந்தார் என்ற நெகிழ்ச்சியில் அவருடைய மரபணுவைப் பார்க்காமல் விடக் கூடாது.

சேதராப்பட்டுப் பையனுக்குத் திரும்புவோம். அவனுக்கு இருப்பது ஃபேன்கோனிதான் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வறண்ட மஜ்ஜைக்குப் பதிலாக இன்னொருவரின் நல்ல மஜ்ஜையைச் செலுத்த வேண்டும். ஊரிலிருந்து கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனை சுமார் பத்து கிலோமீட்டர். மண்டலப் புற்றுநோய் மையமும் அங்கேயே இருக்கிறது. மஜ்ஜை மாற்று என்றால் இந்த வட்டாரத்து மக்கள் பழக்கத்தில் சொல்வது வேலூர்தான். திண்டிவனம், வந்தவாசி, ஆற்காடு என்று போகும் சாலை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மம்மன் சாண்டி தலைமையில் மஜ்ஜை மாற்று 1986-இல் தொடங்கியது. அதற்கு மூன்று ஆண்டுக்கு முன், 1983-இல், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் சுரேஷ் அத்வானி ஒன்பது வயதுச் சிறுமிக்கு அவளுடைய சகோதரனின் மஜ்ஜையைச் செலுத்தியதுதான் நாட்டில் முதலாவது.

ஃபேன்கோனி பிள்ளைகளுக்கு மாற்று செய்யக் கற்றுக்கொடுத்தது பாரிஸ். புதுச்சேரி வீடுகளில் பாரிஸ் என்பது அண்ணன் வேலை பார்க்கும் ஊர், பென்ஷன் வரும் ஊர். அங்கேதான், இருவர் திசு பொருந்துமா என்று காட்டும் அடையாளங்களை ழான் தோசே 1958-இல் கண்டறிந்து பின்னால் 1980-இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஊரின் சேன் லூயி மருத்துவமனையில் எலியான் க்ளுக்மான், இந்தப் பிள்ளைகள் மாற்றுக்கு முன் தரும் வழக்கமான தயாரிப்பு மருந்துக்கே இறந்துபோவதைக் கண்டு, ஒரு கிலோ எடைக்கு 200 மில்லிகிராம் தரும் சைக்ளோபாஸ்பமைடைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தார். பிள்ளைகள் பிழைத்தார்கள். 1988 அக்டோபரில் அமெரிக்காவிலிருந்து வந்த ஐந்து வயது ஃபேன்கோனிச் சிறுவனுக்கு, அவனுக்குப் புதிதாகப் பிறந்த தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தை அவர் செலுத்தினார். உலகின் முதல் தொப்புள்கொடி ரத்த மாற்று அது. அந்தத் தங்கைக்கு நோய் இல்லை என்று அவள் கருவிலிருக்கும்போதே உறுதிசெய்திருந்தார்கள். அவன் வளர்ந்து நடுவயதைத் தொட்டான்.

நம் பையனுக்கும் முதலில் பார்க்கப்படுவது அக்காதான். கூடப்பிறந்தவர் பொருந்த நான்கில் ஒன்று வாய்ப்பு. பொருந்தினாலும் அவருக்கு வெளித்தெரியாமல் அதே நோய் இருக்கிறதா என்று குரோமோசோம் பரிசோதனை செய்த பிறகே மஜ்ஜை எடுப்பார்கள். யாரும் பொருந்தாவிட்டால், 2009-இல் சென்னையில் தொடங்கிய டாட்ரி போன்ற கொடையாளர் பதிவேடுகள் உண்டு. பாதி மட்டும் பொருந்தும் அப்பாவிடமோ அம்மாவிடமோ எடுத்துச் செய்யும் முறையையும் சென்னை அப்பல்லோவில் ரேவதி ராஜின் குழு ஃபேன்கோனி பிள்ளைகளுக்குச் செய்து வெளியிட்டிருக்கிறது. இடைக்காலத்தில் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. ரத்தம் ஏற்ற வேண்டும் என்றதும் சித்தப்பா, மாமா எல்லோரும் கையை நீட்டிவிடுவார்கள். அந்த ரத்தத்தை வங்கிக்குக் கொடுக்கலாம், பிள்ளைக்கு நேராக ஏற்றக் கூடாது. சொந்தக்காரர் ரத்தத்துக்கு எதிராகப் பிள்ளையின் உடல் பழகிவிட்டால், பின்னால் சொந்தக்காரரின் மஜ்ஜையையும் தள்ளிவிடும்.

பணம்தான் அடுத்த மலை. மாற்று சிகிச்சைக்குப் பல லட்சம். இங்கே எல்லைக்கோடு வந்து குறுக்கே நிற்கிறது. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் வானூர்ப் பக்கத்து அத்தை வீட்டுக்கு உண்டு, புதுச்சேரி ரேஷன் கார்டு வைத்திருக்கும் இந்த வீட்டுக்கு இல்லை. ஒரே ரத்தம், இரண்டு மாநில விதி. ஆனால் மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில், ஒருமுறை சிகிச்சையால் தீரக்கூடிய முதல் பிரிவு நோய்களில் ஃபேன்கோனி ரத்தசோகை பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. நிர்ணயிக்கப்பட்ட உயர்மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி கேட்கலாம். சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அத்தகைய மையங்களில் ஒன்று. இந்த வரி கொள்கை ஏட்டில் இருப்பது தெரியாமலே நகையை அடகு வைக்கிற குடும்பங்கள் இருக்கும் என்பதால்தான் இதை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாற்று முடிந்தால் ரத்தம் புதிதாகிவிடும். வாயும் தொண்டையும் பழையவைதான். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை, ஒன்பது வயதிலிருந்தே ஹெச்பிவி தடுப்பூசி, தேவையற்ற எக்ஸ்ரே தவிர்ப்பு, வாழ்நாள் முழுக்க மது, புகை விலக்கு.

இப்போது அக்காவின் கல்யாணப் பேச்சு வருகிறது. தாய்மாமன் வானூர்ப் பக்கம், நல்ல பையன், சிறு வயதிலிருந்தே முறை சொல்லி வளர்ந்தவர்கள். "மாமா வேணாம்னா காரணம் சொல்லு" என்று பாட்டி கேட்கிறார். காரணம் கணக்கில் இருக்கிறது. நோயில்லாத அக்கா ஒற்றைப் பிழையைச் சுமக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. அம்மா சுமக்கிறார் என்பது உறுதி, ஆகவே அம்மாவின் தம்பிக்கு இரண்டில் ஒன்று. இருவரும் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒன்று. மூன்றையும் பெருக்கினால் பன்னிரண்டில் ஒன்று. அமெரிக்கக் கணக்கை வைத்துச் சொந்தமில்லாத ஒருவரைக் கட்டினால் இதே கணக்கு ஆயிரத்தில் ஒன்று அளவுக்கு இறங்கிவிடும்.

ஆனால் ஊகத்திலேயே நிற்க வேண்டியதில்லை. குரோமோசோம் முறிவுப் பரிசோதனை நோயாளியைத்தான் காட்டும், சுமப்பவரைக் காட்டாது. அதற்கு மரபணுப் பரிசோதனை வேண்டும். தம்பியின் பிழை எந்த மரபணுவில், எந்த எழுத்தில் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால், அக்காவுக்கும் மாமனுக்கும் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். மாமனிடம் அது இல்லையென்றால் இந்த நோய் அவர்கள் பிள்ளைகளுக்கு வர வழியில்லை, பந்தல் போடலாம். இருவரிடமும் இருந்தால் முடிவு அவர்களுடையது. கட்டிக்கொள்வதென்று முடிவெடுத்தாலும் கருவின் பதினோராம் வாரத்தை ஒட்டி நச்சுக்கொடித் துணுக்கு எடுத்துப் பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்லத்தான் தடை, மரபு நோயைக் கண்டறியத் தடையில்லை.

ஆலோசனை அறையில் வெள்ளைத்தாளில் குடும்பப் படம் வரைகிறார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கட்டியவர்களுக்கு நடுவே இரட்டைக் கோடு. அப்பாவின் சதுரமும் அம்மாவின் வட்டமும் பாதி கறுப்பு, தம்பியின் சதுரம் முழுக் கறுப்பு. அக்காவின் வட்டத்துக்கும் மாமனின் சதுரத்துக்கும் உள்ளே பென்சிலால் கேள்விக்குறி. பக்கத்து மேசையில் ஊதா மூடி போட்ட இரண்டு குழாய்கள், ஒவ்வொன்றிலும் மூன்று மில்லி ரத்தம். செவிலியர் லேபிளில் பெயர், வயது எழுதிவிட்டு நிமிர்ந்து கேட்கிறார்: "தம்பியோட டெஸ்ட் ரிப்போர்ட் நம்பர் சொல்லுங்கம்மா."